ஒயின் லேபிள் டிசைன் பண்றது எப்படி: முதல்ல கதை, அப்புறம்தான் படம்

லேபிள் பண்ண உக்காந்ததுமே திராட்சைக் கொத்து வரையப் போயிடாதீங்க. அலமாரியில பாதி பாட்டில்ல ஏற்கனவே அதுதான் இருக்கு. முதல்ல அந்த ஒயினைத் தயாரிக்கிறவர்கிட்ட நல்லா பேசுங்க, "எங்களது தரமானது, பாரம்பரியமானது"னு ஆரம்பிப்பாங்க, அதை விட்டுட்டு அந்த வருஷம் தோட்டத்துல என்ன நடந்துச்சுன்னு கேளுங்க. "திராட்சை சூடாகிடக்கூடாதுன்னு ராத்திரியில தலையில லைட் கட்டிக்கிட்டு பறிச்சோம்"னு ஒருத்தர் சொன்னா, அங்கேயே லேபிள் கிடைச்சாச்சு: கருப்புக் காகிதம், அதுல சாய்வா ஒரு வரிசையில சின்னச் சின்ன தங்க ஃபாயில் புள்ளிகள், கீழ பேரு. வேற எதுவும் வேணாம். ஒரு லேபிளுக்கு ஒரு கதைதான் தாங்கும், தாத்தா கதையையும் மண்ணோட கதையையும் சேர்த்துத் திணிச்சா ரெண்டுமே எடுபடாது.

பிரான்ஸ்ல ஷாத்தோ மூத்தோன் ரோத்ஷில்ட்னு ஒரு பெரிய ஒயின் தயாரிப்பாளர், அவங்க இதை எவ்வளவு அழகா பண்ணாங்கன்னு பாருங்க. 1924ல மொத்த ஒயினையும் தங்களோட சொந்த இடத்துலயே பாட்டில்ல அடைக்கறதுன்னு முடிவெடுத்து, அதுக்காக ழான் கார்லுங்கிற போஸ்டர் ஓவியரை வச்சு லேபிள் பண்ணாங்க. 1945ல போர் முடிஞ்சப்போ வெற்றியைக் குறிக்கிற 'வி' எழுத்து மேல வந்துச்சு, அதுல இருந்து வருஷா வருஷம் பெரும்பாலும் ஒரு புது ஓவியர்தான். 1958 டாலி, 1973 பிக்காசோ, 1975 ஆண்டி வார்ஹோல்! ஓவியருக்குக் கூலி காசு இல்ல, ஒயின். ஆனா எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சது வேற, படம் மட்டும்தான் மாறும், கீழ இருக்கற எழுத்தமைப்பு பெரிசா மாறாது, அதனால எந்த வருஷ பாட்டிலைப் பாத்தாலும் இது அவங்களோடதுன்னு தெரிஞ்சிடும். நீங்களும் எது மாறும் எது மாறாதுன்னு முதல் வருஷமே முடிவு பண்ணிடுங்க.

அடுத்தது பாட்டில். ஸ்க்ரீன்ல தட்டையா பாத்து முடிவு பண்ணவே பண்ணாதீங்க. சாதாரண 750 மில்லி போர்தோ பாட்டிலோட (நேரான உடம்பு, தூக்கின தோள் இருக்குமே, அது) சுத்தளவு சுமார் 23, 24 சென்டிமீட்டர், நேரா நின்னு பாத்தா அதுல மூணுல ஒரு பங்குதான் தெளிவா தெரியும், அதாவது 8 சென்டிமீட்டர் மாதிரி. பேரு அதுக்குள்ள அடங்கணும். சும்மா பேப்பர்ல பிரிண்ட் எடுத்து, வெட்டி, பாட்டில்ல ஒட்டி, ரெண்டு மீட்டர் தள்ளி நின்னு பாருங்க. தூரத்துல இருந்து ஒரு உருவம் தெரியணும், கையில எடுத்ததும் இன்னொண்ணு தெரியணும். பர்கண்டி பாட்டில்னா தோள் சரிவா இறங்கும், நேரான பகுதி கம்மி, அளந்து பாக்காம லேபிளை உயரமா பண்ணா மேல் ஓரம் சுருங்கிடும்.

காகிதம் முக்கியம். காட்டன் காகிதத்துல எம்போஸ், அதாவது அழுத்தி மேடாக்கின எழுத்தோ படமோ, அவ்வளவு அழகா எழும்பி நிக்கும், விரல் தானா போய்த் தடவும். ஆனா வொய்ட் ஒயின்னா ஐஸ் தண்ணியில நிக்கப்போகுது, ஈரம் தாங்குற காகிதமும் பசையும் கேட்டு வாங்குங்க. நான் ஒருதடவை இதைச் சோதிக்காம விட்டு, அரை மணி நேரத்துல ஓரமெல்லாம் உரிஞ்சு வந்ததைப் பாத்து மனசே விட்டுப்போச்சு. இப்போ எந்த லேபிளா இருந்தாலும் ஐஸ் வாளியில வச்சுப் பாக்காம பிரிண்டருக்கு ஓகே சொல்றதில்ல. ரொம்ப மெல்லிசான எழுத்தை ஃபாயில்ல போடாதீங்க, அங்கங்க விட்டுப்போயிடும்.

சட்ட விஷயத்துக்குக் கடைசில இடம் தேடாதீங்க. ஆல்கஹால் சதவீதம், அளவு, எந்த ஊர் ஒயின், யார் அடைச்சதுங்கறது பெரும்பாலான நாடுகள்ல கட்டாயம், அமெரிக்காவுல உடல்நல எச்சரிக்கையும் வேணும். ஐரோப்பிய யூனியன்ல 2023 டிசம்பர் 8க்கு அப்புறம் தயாரான ஒயினுக்குப் பொருட்கள் பட்டியலும் ஊட்டச்சத்து விவரமும் தரணும், அதுல பெரும்பகுதியை க்யூஆர் கோட்ல வச்சுக்கலாம், அலர்ஜி விவரமும் கலோரி அளவும் மட்டும் பாட்டில்லயே இருக்கணும். இதெல்லாம் பின் லேபிளுக்குப் போகும், மிச்ச இடத்துல அந்த ராத்திரி அறுவடைக் கதையை மூணு வரியில எழுதுங்க.