கம்பர்லேண்ட் சாஸேஜ்: குத்தவும் வேண்டாம், வெட்டவும் வேண்டாம்

கம்பர்லேண்ட் சாஸேஜை, அதாவது அரைத்த பன்றி இறைச்சியை நீளமான உறையில் அடைத்துச் செய்வதை, புதிதாக வாங்குகிறவர் வீட்டுக்கு வந்ததும் கத்தியைத்தான் தேடுவார். கைமுறுக்கு மாதிரி சுற்றிக் கிடப்பதைப் பார்த்தால் வெட்டத்தான் தோன்றும். வெட்டினால் ஒவ்வொரு துண்டின் இரு முனையிலும் இறைச்சி பிதுங்கி, சாறெல்லாம் வாணலிக்குப் போய்விடும். இங்கிலாந்தின் வடமேற்கே, பழைய கம்பர்லேண்ட் அடங்கிய கம்ப்ரியாவில் இதை விரல் நீளத்துக்கு முறுக்கிப் பிரிப்பதில்லை. ஒரே நீளமாக விட்டுச் சுருட்டி விற்பதுதான் வழக்கம். சுருளாகவே வேகவிட்டு, தட்டில் வைத்தபின் வெட்டுங்கள்.

வாங்கும்போதே ஒரு தவறு நடக்கும். அட்டையில் 'கம்பர்லேண்ட்' என்று இருந்தால் போதும் என நினைப்பது. 2011இல் புவிசார் குறியீடு கிடைத்தது 'டிரெடிஷனல் கம்பர்லேண்ட் சாஸேஜ்' என்ற முழுப் பெயருக்கு. அந்தப் பெயரில் விற்க வேண்டுமானால் கம்ப்ரியாவில் செய்திருக்க வேண்டும், இறைச்சி 80 சதவீதத்துக்குக் குறையக்கூடாது, கொரகொரப்பாக அரைத்திருக்க வேண்டும். சாதாரண பன்றி சாஸேஜுக்குப் பிரிட்டனில் 42 சதவீதம் பன்றி இறைச்சி இருந்தாலே போதும். ஆகவே பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படியுங்கள்.

அடுத்தது முள்கரண்டியால் குத்துவது. வெடித்துவிடும் என்று பயந்து நானும் குத்தியிருக்கிறேன். கிடைத்தது சக்கை. வெடிப்பதற்குக் காரணம் அதிகச் சூடுதான். தீயைக் குறைத்து, துளி எண்ணெய் விட்டு, இருபது இருபத்தைந்து நிமிடம் பொறுமையாக விடுங்கள். அவசரப்பட்டால் வெளியே கருகும், நடுச்சுற்று மட்டும் பச்சையாக நிற்கும். ஓவனில் என்றால் 180 டிகிரியில் அரை மணி நேரம். நிறத்தை நம்பாதீர்கள், வெப்பமானி இருந்தால் நடுச்சுற்றில் செருகிப் பாருங்கள், 70 டிகிரியில் இரண்டு நிமிடம் நிற்க வேண்டும்.

சரி, திருப்புவது எப்படி? கரண்டியால் தூக்கினால் சுருள் அவிழ்ந்து பாதி அடுப்பில் விழும். இரண்டு மூங்கில் குச்சிகளைக் குறுக்கும் நெடுக்குமாகச் செருகிவிட்டால் தோசை மாதிரி திருப்பலாம்.

அப்புறம், மசாலா தூவுகிற நம் கை. இதில் மிளகு ஏற்கெனவே தூக்கலாக இருக்கும். 18ஆம் நூற்றாண்டில் கம்ப்ரியாவின் ஒயிட்ஹேவன் துறைமுகத்தில் வந்திறங்கிய மசாலாப் பொருள்களின் புண்ணியம் என்பார்கள். மிளகாய்த்தூள் போட்டால் அந்த மிளகு வாசனை எங்கே போனது என்றே தெரியாது. தொட்டுக்கொள்ள ஏதாவது வேண்டுமென்றால் கொஞ்சம் கடுகு விழுதோ ஆப்பிள் சாஸோ போதும்.