சந்திரன் ஏன் விழவில்லை? தங்கூசியும் அழிறப்பரும் வைத்துச் செய்து பார்ப்போம்

தேவையானவை: மை முடிந்த பேனையின் வெறுங்குழாய், ஒன்றரை மீற்றர் தங்கூசி, ஓர் அழிறப்பர், ஏழெட்டு நட்டுகள். தையல் நூல் வேண்டாம், குழாய் விளிம்பில் உரசி அறுந்துவிடும். முல்லைத்தீவுக் கரையோரம் என்றால் தங்கூசி வீட்டிலேயே கிடக்கும்.

படி 1: தங்கூசியைக் குழாய்க்குள்ளால் விட்டு, மேல்முனையில் அழிறப்பரையும் கீழ்முனையில் நட்டுகளையும் கட்டுங்கள். அழிறப்பரில் துளையிட்டுக் கோர்த்தால்தான் முடிச்சு வழுக்காது.

படி 2: சிறுபோக வெட்டு முடிந்த வயல் நல்ல இடம். காலையிலேயே போங்கள், பின்னேரச் சோளகம் வட்டத்தைச் சாய்த்துவிடும். குழாயைப் பிடித்து அழிறப்பரைத் தலைக்கு மேல் சுழற்றுங்கள். அழிறப்பர்தான் சந்திரன், நட்டுகளின் பாரம்தான் பூமியின் ஈர்ப்பு.

இங்கேதான் எல்லோரும் அவசரப்படுவார்கள். மற்றக் கை தங்கூசியைத் தொடவே கூடாது. தொட்டால் இழுப்பது நட்டா கையா என்று தெரியாமல் போய்விடும். குழாய்க்குக் கீழே இரண்டு விரல் இடைவெளி விட்டு, தங்கூசியில் ஒரு துண்டு டேப் ஒட்டுங்கள். வேகம் கூடினால் டேப் ஏறிக் குழாயில் முட்டும், குறைந்தால் இறங்கும். அது அசையாமல் நிற்கும் வேகம் கைக்குப் பிடிபடும்வரை சுழற்றுங்கள். பிடிபட்டால் சுற்றுப்பாதை கிடைத்துவிட்டது.

படி 3: சுழலும்போதே நட்டுகளை மெல்லக் கீழே இழுங்கள். வட்டம் சுருங்க, அழிறப்பர் விர்ரென்று வேகமெடுக்கும். வானிலும் கிட்ட இருப்பதுதான் வேகமாக ஓட வேண்டும். சுமார் 400 கி.மீ. உயரத்தில் சர்வதேச விண்வெளி நிலையம் செக்கனுக்கு 7.7 கி.மீ. ஓடுகிறது. 384,400 கி.மீ. தொலைவிலுள்ள சந்திரனுக்கு 1 கி.மீ. போதும், ஒரு சுற்றுக்கு 27.3 நாள்.

படி 4: குழாய்க்குக் கீழே இன்னொருவர் தங்கூசியை வெட்டட்டும். அழிறப்பர் வட்டத்தைத் தொட்டுச் செல்லும் நேர்கோட்டில் பறக்கும். வெளியே தள்ளும் விசை என்று ஒன்றும் இல்லை. நேரே போகப் பார்ப்பதை ஈர்ப்பு உள்ளே வளைக்கிறது, அவ்வளவுதான். 'மேலே ஈர்ப்பே இல்லை' என்பதும் பிழை. விண்வெளி நிலையத்தில் தரையிலுள்ளதில் பத்தில் ஒன்பது பங்கு ஈர்ப்பு உண்டு. ஒவ்வொரு செக்கனும் அது நாலு மீற்றருக்கு மேல் விழுகிறது. ஆனால் ஓடிய தூரத்துக்குப் பூமியும் அதே அளவு வளைந்து விலகிவிடுகிறது.

பின்னர் சேர்த்தது: "கையை நிறுத்தினால் வட்டம் படுத்துவிடுகிறதே, சந்திரனை யார் சுழற்றுவது?" என்று ஒரு மாணவி கேட்டார். படுக்க வைப்பது காற்றும் குழாயின் உராய்வும். சந்திரன் போகும் வழியில் அவை இல்லை. 400 கி.மீ. உயரத்தில் மெல்லிய காற்று இருக்கிறது, அதனால் விண்வெளி நிலையத்தை இடைக்கிடை மேலே தள்ளிவிடுகிறார்கள். 2019இல் அங்கிருந்து விடப்பட்ட நம் நாட்டின் இராவணா-1 செய்மதியில் அப்படித் தள்ளும் எந்திரம் இல்லை. உயரம் குறைந்து குறைந்து வளிமண்டலத்தில் எரிந்துபோனது.