துணையின் வேறு உறவும் வெளிநாட்டு விவாகரத்தும்: புதிதாக வந்தவர்கள் அறிந்திருக்க வேண்டியவை

கணவனுக்கோ மனைவிக்கோ வேறொருவருடன் உறவு இருப்பது தெரியவந்ததும், அதை நிரூபித்துவிட்டால் பிள்ளைகளும் வீடும் தமக்கே கிடைத்துவிடும் என்று புலம்பெயர்ந்து வந்தவர்களில் பலர் நம்புகிறார்கள். இந்த நம்பிக்கைக்குக் காரணம் இல்லாமல் இல்லை. இந்தியாவின் 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தில் தகாத உறவு இன்றும் விவாகரத்துக்கான காரணங்களுள் ஒன்று. 2018இல் உச்ச நீதிமன்றம் அது குற்றமல்ல என்று தீர்ப்பளித்த பின்னும் விவாகரத்துக்கான அந்தச் சட்டப் பிரிவு அப்படியே இருக்கிறது. இலங்கையின் பொதுத் திருமணச் சட்டமும் ஒருவருடைய பிழையை நிறுவச் சொல்கிறது. ஆனால் நீங்கள் இப்போது வாழும் நாட்டு நீதிமன்றம், யார் பிழை செய்தார் என்ற கேள்வியையே பெரும்பாலும் எழுப்புவதில்லை.

ஆஸ்திரேலியாவில் 1975ஆம் ஆண்டுக் குடும்பச் சட்டத்தின்படி, பன்னிரண்டு மாதங்கள் பிரிந்து வாழ்ந்ததைக் காட்டினால் போதும். ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தபடியே பிரிந்திருந்ததாகவும் நிரூபிக்கலாம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2022 ஏப்ரல் 6 முதல், மணவாழ்வு மீள முடியாதபடி முறிந்துவிட்டது என்ற கூற்றே போதுமானது. காரணத்தைச் சொல்ல வேண்டியதில்லை, மறுதரப்பு அந்தக் கூற்றை மறுத்து வாதாடவும் முடியாது. கனடாவின் விவாகரத்துச் சட்டத்தில் தகாத உறவு என்ற காரணம் இன்னும் எஞ்சியிருக்கிறது. அதைப் பயன்படுத்தினால் ஓராண்டுப் பிரிவுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை என்பது உண்மைதான். ஆனால் மறுதரப்பு ஒப்புக்கொள்ளாவிட்டால் நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். தெரிந்தே மன்னித்திருந்தால் அந்தக் காரணம் பொதுவாக எடுபடாது. நிரூபிக்கும் முயற்சியிலேயே அந்த ஓராண்டும் பணமும் கரைந்துவிடக்கூடும் என்பதால், பிரிந்து வாழ்ந்ததைக் காரணமாகக் காட்டுவதே பெரும்பாலானவர்களுக்கு உகந்தது.

பண விஷயத்திலும் நிலைமை ஏறக்குறைய இதுவே. கனடாவில் துணைக்கான பராமரிப்புத் தொகையைத் தீர்மானிக்கும்போது, மணவாழ்வில் ஒருவர் நடந்துகொண்ட முறையைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. ஆனால் குடும்பப் பணத்தை அந்த உறவுக்காக ஒருவர் வாரி இறைத்திருந்தால், அது ஒழுக்கத்தைப் பற்றிய கேள்வியாக இல்லாமல் கணக்கைப் பற்றிய கேள்வியாகிவிடுகிறது. சொத்துப் பிரிப்பில் அதை ஈடுசெய்யும்படி வாதிட இடமுண்டு. ஆகவே அந்தரங்கப் படங்களைவிட வங்கி அறிக்கைகள் வழக்கறிஞருக்கு அதிகம் பயன்படும்.

அடுத்தது பிள்ளைகள். இங்கே நீதிபதியின் முன்னுள்ள அளவுகோல் பிள்ளையின் நலன் ஒன்றே. கனடாவில் 2021 மார்ச் முதல் நடைமுறைக்கு வந்த திருத்தங்கள், காவல் உரிமை என்ற பழைய கருத்தை விட்டுவிட்டு, பெற்றோருடன் பிள்ளை கழிக்கும் நேரம், முடிவெடுக்கும் பொறுப்பு என்று பிரித்துப் பேசுகின்றன. பிள்ளையைப் பேணும் திறனோடு தொடர்பில்லாத பழைய நடத்தையைப் பார்க்கவும் கூடாது. துணைக்கு உண்மையில்லாமல் நடந்த ஒருவர் நல்ல தாயாகவோ தந்தையாகவோ இருக்க முடியும் என்பதைச் சட்டம் ஏற்கிறது. காயப்பட்ட மனத்துக்கு இதை ஏற்பது எளிதல்ல. எனினும், துணை உறவு வைத்திருக்கும் அந்த நபரிடம் வன்முறையோ போதைப் பழக்கமோ இருந்தாலும், பிள்ளையைத் தனியே விட்டுவிட்டு ஒருவர் வெளியே போயிருந்தாலும், உறவை மறைக்கப் பிள்ளையையே பொய் சொல்ல வைத்திருந்தாலும் அவை நிச்சயம் எடுத்துக்கொள்ளப்படும். அப்போதும் நீதிமன்றத்தில் பேச வேண்டியது பிள்ளைக்கு நேர்ந்ததைத்தான், உங்களுக்கு நேர்ந்த அவமானத்தை அல்ல.

வழக்கை அதிகமாகக் கெடுப்பது பல வேளைகளில் உறவு தெரிந்த பின் காட்டும் கோபம்தான். துணையின் கைபேசியில் உளவுச் செயலி ஏற்றுவதும், அவருடைய மின்னஞ்சலுக்குள் நுழைவதும், பிறர் பேசுவதை ஒளிந்து பதிவுசெய்வதும் பல நாடுகளில் குற்றங்கள். "உன் அப்பா என்ன செய்தார் தெரியுமா" என்று பிள்ளையிடம் சொல்வது, மறு பெற்றோருடனான பிணைப்பை அறுக்க முயல்வதாகவே பார்க்கப்படும். அந்தப் பிணைப்பை வளர்க்க ஒருவருக்குள்ள மனநிலையும் கனடாச் சட்டம் கேட்கும் கேள்விகளில் ஒன்று.

இவை எல்லாவற்றையும்விட ஆபத்தானது, மறுதரப்பின் சம்மதமோ நீதிமன்ற அனுமதியோ இல்லாமல் பிள்ளையை அழைத்துக்கொண்டு ஊருக்குப் போய்விடுவது. எல்லை கடந்து கொண்டுசெல்லப்பட்ட பிள்ளையைத் திருப்பி அனுப்ப வழிசெய்யும் 1980ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையில் இலங்கை இணைந்திருக்கிறது, இந்தியா இணையவில்லை. அதற்காக இந்தியா பாதுகாப்பான இடம் என்று எண்ண வேண்டாம். பிள்ளையைத் திருப்பி அனுப்பும்படி இந்திய நீதிமன்றங்களும் உத்தரவிட்டிருக்கின்றன. கனடாவில் இத்தகைய செயல் குற்றவியல் வழக்காகவும் மாறலாம்.

விசாவைக் காட்டி மிரட்டப்படுபவர்களும் உண்டு. கனடாவில் துணையின் ஆதரவில் நிரந்தர வதிவிடம் பெற்றவர்கள் சேர்ந்து வாழ வேண்டும் என்றிருந்த நிபந்தனை 2017இல் நீக்கப்பட்டது. ஆதரவளித்தவரின் நிதிப் பொறுப்பும் விவாகரத்தால் முடிந்துவிடுவதில்லை. ஆனால் பிரிட்டனைப் போல விசாவே துணையைச் சார்ந்திருக்கும் நாடுகளில், பிரிவை அறிவிப்பதற்கு முன்பே குடிவரவு ஆலோசனை பெறுவது அவசியம்.

இந்தியாவில் மணமுடித்தவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 1991இல் இந்திய உச்ச நீதிமன்றம் வகுத்த விதிப்படி, தம்பதியருக்குரிய திருமணச் சட்டம் ஏற்கும் காரணத்தின்மேல் வழங்கப்பட்டதாகவோ, மறுதரப்பு சம்மதித்ததாகவோ இருந்தால்தான் வெளிநாட்டு விவாகரத்து அங்கே பொதுவாகச் செல்லும். காரணம் சொல்லாமல் ஒருதரப்பாகப் பெற்ற ஆணை அங்கே கேள்விக்குள்ளாகலாம் என்பதால், மறுதரப்பு வழக்கில் பங்கேற்றதையும் தன் சம்மதத்தையும் எழுத்தில் பதிவுசெய்யும்படி உங்கள் வழக்கறிஞரிடம் தொடக்கத்திலேயே கேளுங்கள்.