முப்பதைத் தாண்டி நர்சிங் படிக்கப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

பதினான்கு வருடம் கழித்து மறுபடி பாடப்புத்தகத்தைத் திறந்தபோது நான் செய்த முதல் காரியம், நான்கு நிறத்தில் ஹைலைட்டர் வாங்கியது. இதயத்துக்கு நான்கு அறைகள், அறைக்கு ஒரு நிறம். பக்கம் பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. மூன்று முறை படித்தேன். மூன்றாவது முறை வரிகள் கடகடவென்று ஓடின. சரி, தெரிந்துவிட்டது என்று மூடிவைத்தேன். அடுத்த வாரம் பயிற்சி வகுப்பில் வெறும் தாளைக் கொடுத்து, இதயத்தை வரைந்து ரத்தம் போகும் வழியைக் குறிக்கச் சொன்னார்கள். வலது மேலறை, வலது கீழறை, அதோடு கை நின்றுவிட்டது. நுரையீரலுக்குப் போகும் குழாய் தமனியா, சிரையா? ஆக்சிஜன் குறைந்த ரத்தத்தைச் சுமந்தாலும் இதயத்திலிருந்து வெளியே போவதால் அது தமனிதான். மூன்று முறை நான் வண்ணம் தீட்டிய வரி அது.

வயதாகிவிட்டது, இனி மண்டையில் ஏறாது என்று அன்றைக்கே முடிவு கட்டினேன். அந்த முடிவுதான் பெரிய தவறு. என்னைப் போல வேலை, குடும்பம் என்று இருந்துவிட்டு நர்சிங்குக்குத் தயாராகிற பலரையும் அப்புறம் பார்த்திருக்கிறேன். எல்லாரும் சறுக்குகிற இடம் ஏறக்குறைய ஒன்றுதான். பள்ளியில் படித்த அதே முறையை எடுத்துக்கொண்டு வருகிறோம். அதற்கு இடம் கொடுத்த பள்ளிக்கால வாழ்க்கை இப்போது நம்மிடம் இல்லை.

திரும்பத் திரும்ப வாசிப்பது

2006இல் ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். மாணவர்களுக்கு ஒரு சிறு பாடத்தைக் கொடுத்து, ஒரு பிரிவினரை மறுபடி படிக்கச் சொன்னார்கள். இன்னொரு பிரிவினர் பார்க்காமல் நினைவிலிருந்து எழுத வேண்டும். ஐந்து நிமிடம் கழித்துத் தேர்வு வைத்தால் மறுபடி படித்தவர்கள் முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்து வைத்தால் நிலைமை தலைகீழ். மறுவாசிப்பு நம்மை ஏமாற்றுவது அந்த ஐந்து நிமிடத்தில்தான். அப்போது எல்லாம் தெரிந்த மாதிரியே இருக்கும்.

அதனால் இரண்டு பக்கம் படித்தால் புத்தகத்தை மூடிவிட்டு வெறும் தாளில் எழுதிப் பாருங்கள். சிறுநீரகத்தை வரையுங்கள், பெயர் குறியுங்கள், விட்டுப்போனதை மட்டும் போய்ப் பாருங்கள். முதல் சில நாட்கள் மனம் நொந்துபோகும். தாளில் பாதி வெற்றிடமாகத்தான் இருக்கும். அந்த வெற்றிடம்தான் நாளைக்கு நீங்கள் படிக்க வேண்டிய பாடம். பாடம் நடத்துகிற மாதிரி யாருக்காவது வாய்விட்டுச் சொல்வதும் இதே வேலையைச் செய்யும். கேட்க ஆள் இல்லையென்றால் சுவரும் போதும்.

ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருப்பது

"வாரநாளில் முடியாது, ஞாயிறு முழுக்க உட்கார்ந்துவிடுகிறேன்." இதைச் சொல்லாத ஆளே இல்லை. ஞாயிறு வரும், துவைக்க வேண்டிய துணியும் வரும், யாருக்காவது காய்ச்சலும் வரும். அப்படியே ஆறு மணி நேரம் கிடைத்தாலும் பயன் குறைவு. 1885இல் ஹெர்மன் எபிங்ஹாஸ் அர்த்தமில்லாத அசைகளை மனப்பாடம் செய்து, தன்னையே சோதித்துப் பார்த்து எழுதினார். மறப்பதில் பெரும்பங்கு முதல் நாளுக்குள்ளேயே நடந்துவிடுகிறது. ஞாயிறு படித்ததை அடுத்த ஞாயிறு வரை தொடாமல் விட்டால், ஒவ்வொரு வாரமும் முதலிலிருந்து ஆரம்பிக்கிறோம்.

தினம் இருபத்தைந்து நிமிடம் போதும். இன்று படித்ததை நாளை ஒருமுறை, மூன்று நாள் கழித்து ஒருமுறை, அடுத்த வாரம் ஒருமுறை நினைவிலிருந்து எடுத்துப் பார்க்க வேண்டும். நான் அட்டைகள் எழுதி வைத்திருந்தேன். ஒரு பக்கம் கேள்வி, மறுபக்கம் பதில். பேருந்துக்கு நிற்கும்போது பத்து அட்டை முடிந்துவிடும்.

சொற்களைக் காதால் மட்டும் கற்பது

ஆங்கிலத்தில் பாடம் இருக்கிறதே என்று பயந்து, மருத்துவச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதி மனப்பாடம் செய்கிறவர்கள் உண்டு. நானும் செய்தேன். இடுப்பு எலும்பின் ஒரு பகுதியும் சிறுகுடலின் கடைசிப் பகுதியும் என் நோட்டில் 'இலியம்' என்றே இருந்தன. ஆங்கிலத்தில் ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம், தமிழில் அதுவும் போய்விடுகிறது. பொருளைத் தமிழில் புரிந்துகொள்ளுங்கள், அதில் தப்பே இல்லை. சொல்லை மட்டும் அது தேர்வில் வரும் எழுத்திலேயே எழுதிப் பழகுங்கள்.

இன்னொன்று, சொற்களை முழுசாக விழுங்காமல் துண்டு துண்டாக உடைத்துப் படிக்க வேண்டும். 'ஐடிஸ்' என்று முடிந்தால் அழற்சி. 'டாக்கி' என்றால் வேகம், 'பிராடி' என்றால் மந்தம். 'ஹைப்பர்' அதிகம், 'ஹைப்போ' குறைவு. ஐம்பது துண்டுகள் தெரிந்தால், பார்த்தே இராத சொல்லையும் ஓரளவு ஊகிக்க முடியும்.

கணக்கை அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளுவது

நர்சிங்கில் கணக்கு எங்கே வருகிறது என்று கேட்கிறவர்களுக்கு ஓர் உதாரணம். மருந்துச்சீட்டில் 0.125 மில்லிகிராம் என்று இருக்கிறது. கையில் இருக்கும் மாத்திரை 250 மைக்ரோகிராம். எத்தனை மாத்திரை? ஒரு மில்லிகிராம் என்பது 1000 மைக்ரோகிராம். ஆக வேண்டியது 125, கொடுக்க வேண்டியது அரை மாத்திரை. அவசரத்தில் தலைகீழாக வகுத்து இரண்டு என்று எழுதினால் நான்கு மடங்கு மருந்து உள்ளே போகும்.

நரம்பில் சொட்டு சொட்டாக ஏற்றும் திரவத்தின் கணக்கும் அப்படித்தான். 1000 மில்லிலிட்டர் திரவம் 8 மணி நேரத்தில் ஏற வேண்டும், குழாய் ஒரு மில்லிலிட்டருக்கு 20 சொட்டு விடும் வகை. மணிக்கு 125 மில்லிலிட்டர், அதாவது 2500 சொட்டு. நிமிடத்துக்கு ஏறக்குறைய 42. பெருக்கல், வகுத்தல், தசமப்புள்ளி, இவ்வளவுதான். இதைப் படிப்பில் சேர்ந்த பிறகு, வார்டு பயிற்சியின் பரபரப்பில் கற்றுக்கொள்ளக் கூடாது. தசமம் எழுதும் பழக்கத்தையும் இப்போதே திருத்திக்கொள்ளுங்கள். புள்ளிக்கு முன்னால் பூஜ்யம் வேண்டும், முழு எண்ணுக்குப் பின்னால் கூடாது. புள்ளி கண்ணில் படாமல் போனால் .5 என்பது 5 ஆகிவிடும், 5.0 என்பது 50 ஆகிவிடும்.

காகித வேலை

இதில் வருவது படிப்புக் குறைவால் வரும் தோல்வி இல்லை, அதனால்தான் அதிகம் வலிக்கிறது. சேரப்போகும் படிப்பை உங்கள் நாட்டின் செவிலியர் கவுன்சிலோ அதற்கு நிகரான அமைப்போ அங்கீகரித்திருக்கிறதா என்று பணம் கட்டும் முன் பாருங்கள். அங்கீகாரம் இல்லாவிட்டால் படித்து முடித்தும் பதிவு செய்ய முடியாது. கல்லூரியின் விளம்பரத்தை நம்ப வேண்டாம், கவுன்சிலின் பட்டியலிலேயே தேடுங்கள். வயது வரம்பு சில இடங்களில் உண்டு. பல வருடத்துக்கு முந்தைய அறிவியல் மதிப்பெண்ணை ஏற்காத கல்லூரிகளும் உண்டு. இரண்டையும் விண்ணப்பிக்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

படிப்புக்காகப் போட்டுக்கொள்ளும் தடுப்பூசியைப் பலரும் கடைசி மாதத்துக்கு விட்டுவிடுகிறார்கள். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி நோய்க்கான ஊசி வழக்கமாக மூன்று தவணை. முதல் ஊசிக்கு ஒரு மாதம் கழித்து இரண்டாவது, ஆறாவது மாதம் மூன்றாவது. எதிர்ப்பு சக்தி வந்திருக்கிறதா என்று ரத்தம் பார்ப்பது அதற்கும் ஓரிரு மாதம் கழித்து. இது அவசரப்படுத்தினால் நகராத காலண்டர்.

வீட்டில் பொத்தாம்பொதுவாகச் சொல்வது

"நான் படிக்கிறேன், கொஞ்சம் பார்த்துக்கோங்க" என்றால் யாருக்கும் ஒன்றும் புரியாது. "தினமும் எட்டு மணியிலிருந்து எட்டரை வரைக்கும் என்னைக் கூப்பிடாதீங்க, அந்த நேரம் பிள்ளைகள் உங்க பொறுப்பு" என்றால் புரியும். மறுக்கவும் வாய்ப்பு உண்டு. மறுத்தால் நேரத்தை மாற்றிப் பேசலாம், அதுவும் நல்லதே.

எல்லாரும் தூங்கிய பிறகு இரண்டு மணி வரை விழித்துப் படிப்பதைத் தியாகம் என்று நினைத்துக்கொள்கிறோம். படித்தது மூளையில் உறுதிப்படுவதில் தூக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு. தூக்கத்தை வெட்டிப் படிப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பது. உடம்பையும் இப்போதே பழக்குங்கள். மணிக்கணக்கில் நின்றே வேலை செய்யும் தொழில் இது. தினம் நடப்பது வீண் போகாது.

வகுப்பில் ஓரமாக உட்காருவது

பதினெட்டு வயதுப் பிள்ளைகளுக்கு நடுவே கேள்வி கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும். ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் ஜெர்மனியின் கைசர்ஸ்வெர்த்தில் பயிற்சிக்குப் போனது 1851இல், அப்போது அவருக்கு 31 வயது. எனக்கு 34. முதல் மாதம் கடைசி பெஞ்சில் வாய் திறக்காமல் இருந்தேன். அப்புறம் பக்கத்தில் இருந்த சின்னப்பெண் ஒருத்தி, "அக்கா, இந்தச் சொட்டுக் கணக்கு எனக்கு வரவே மாட்டேங்குது" என்று நோட்டைத் தள்ளினாள். கடையில் பத்து வருடம் கணக்குப் பார்த்த எனக்கு அது சுலபம். பதிலுக்கு அவள் எனக்கு ஆன்லைன் தேர்வு எழுதக் கற்றுக்கொடுத்தாள்.