புல்தரையில் கடி எறும்பு: எந்தத் தீனி கேட்கிறது என்று நீங்களே சோதித்துப் பார்ப்பது எப்படி?

தென்னந்தோப்புக்குள் வீடு கட்டி, முன்னால் கொரியன் புல் பதித்து, சாயங்காலம் நாற்காலி போட்டு உட்காரலாம் என்று ஆசைப்படுபவர்கள் எங்கள் பக்கம் கூடிவிட்டார்கள். உச்சிப்புளியிலிருந்து மண்டபம் வரை அப்படி ஆறேழு புல்தரைகளைப் பார்த்துக்கொள்வதுதான் என் பிழைப்பு. உட்கார்ந்த ஐந்தாவது நிமிடம் காலை உதறிக்கொண்டு எழுவார்கள். அடுத்த அழைப்பு எனக்கு: "தம்பி, வந்து மருந்து ஊத்துங்க."

நானும் பல வருடம் ஊற்றினேன். கொதிநீர், மண்ணெண்ணெய், கடையில் கொடுத்த பூச்சி மருந்து, எல்லாம்தான். புற்றின் மேல்பக்கம் இருக்கும் வேலைக்கார எறும்புகள் கொத்தாகச் சாகும், பார்க்கத் திருப்தியாக இருக்கும். ராணி அடியில் சுகமாக இருப்பாள். பத்து நாளில் இரண்டு முழம் தள்ளிப் புதுமண் கிளம்பிவிடும். மண்ணெண்ணெய் ஊற்றிய இடத்தில் நிரந்தரமாகச் செத்தது புல் மட்டும்தான்.

அப்புறம்தான் நச்சுத் தீனிக்கு மாறினேன். ராணியிடம் நாம் போக வேண்டாம். எறும்புகளே மருந்தைச் சோறு என்று நினைத்துத் தூக்கிப்போய் ஊட்டிவிடும். ஆனால் எந்தத் தீனி? கடைக்காரர் ஒன்று சொல்வார், பக்கத்து வீட்டுக்காரர் ஒன்று சொல்வார். அதை உங்கள் தரையிலேயே ஒப்பிட்டுப் பார்க்கும் வழி இது.

முதலில் எறும்பு எது என்று பாருங்கள்

கடிக்கிற எல்லாம் நெருப்பெறும்பு இல்லை. மாமரத்தில் இலையை மடித்துக் கூடு கட்டுவது முசுறு. 2022-இல் நத்தம் பக்கம் கரந்தமலை அடிவார ஊர்களைப் படாதபாடு படுத்தியது நீண்ட காலும் மஞ்சள் உடம்பும் கொண்ட வேறு எறும்பு. அது கொட்டாது, அமிலத்தைப் பீச்சும். நம் மணலில் கொட்டுவது பெரும்பாலும் வெப்பமண்டல நெருப்பெறும்பு, அறிவியல் பெயர் சொலினாப்சிஸ் ஜெமினேட்டா. செம்பழுப்பு நிறம். ஒரே புற்றில் சின்னதும் பெரியதுமாக இருக்கும், பெரியவற்றுக்குத் தலை மட்டும் பொருந்தாத அளவுக்குப் பெருத்திருக்கும். ஒரு தென்னை ஈர்க்கைப் புற்றில் குத்துங்கள். சரசரவென்று ஈர்க்கின் மேலேயே ஏறி வந்தால் அதுதான். கையுறையும் மூடிய செருப்பும் போட்டுக்கொண்டு குத்துங்கள். கொட்டிய பிறகு மூச்சுத் திணறலோ உடம்பெல்லாம் தடிப்போ வந்தால் வைத்தியம் பார்த்துக்கொண்டு வீட்டில் இருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இது மத்திய அமெரிக்கப் பக்கத்து எறும்பு. 16-ஆம் நூற்றாண்டில் மெக்சிகோவின் அகாபுல்கோவிலிருந்து பிலிப்பைன்ஸின் மணிலாவுக்குப் போன ஸ்பானியக் கப்பல்களில், பாரத்துக்கு ஏற்றிய மண்ணோடு உலகம் சுற்றக் கிளம்பியது என்று மரபணு ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் தீனி பற்றிய ஆராய்ச்சியில் பெரும்பங்கு இதை வைத்துச் செய்ததல்ல. 1930-களில் அலபாமா மாநிலத்து மொபைல் என்ற துறைமுகம் வழியாக அமெரிக்காவுக்குள் நுழைந்த இதன் பங்காளி, சிவப்பு நெருப்பெறும்பை வைத்துச் செய்தது. நம் எறும்பு விதைகளையும் சேர்த்துவைத்துத் தின்கிற ஜாதி; ருசி கொஞ்சம் வேறு. அதனால்தான் பாக்கெட்டில் போட்டிருக்கும் நாள்கணக்கை அப்படியே நம்பாமல் நீங்களே பார்க்கச் சொல்கிறேன்.

தீனி எப்படி வேலை செய்கிறது?

வளர்ந்த எறும்பால் கெட்டிப் பொருளை விழுங்க முடியாது. திரவத்தைத்தான் உறிஞ்சும். கெட்டித் துண்டு கிடைத்தால் அதைக் கூட்டில் வளரும் எறும்புக் குஞ்சுகளில் முதிர்ந்த புழுக்களிடம் கொடுக்கும். அவை செரித்துக் கொடுப்பதைக் கூடு முழுக்க வாய்க்கு வாய் பகிர்ந்துகொள்ளும். புல்தரைக்கான தீனி பெரும்பாலும் எண்ணெய் ஊறிய மக்காச்சோள நொய்யாக இருப்பது இதனால்தான். மருந்து எண்ணெயில் கரைந்திருக்கும்.

இங்கே ஒன்றைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. தூக்கிப்போகும் எறும்பு வழியிலேயே செத்தால் அந்தத் தீனி தோற்றுவிட்டது. வீட்டுக்கார அம்மா ஒருவர் மறுநாளே கூப்பிட்டு, "என்ன தம்பி, ஒண்ணுகூடச் சாகலையே?" என்றார். "சாகக் கூடாதும்மா, இன்னும் ரெண்டு நாளைக்கு நல்லா ஓடி ஆடணும்" என்றேன். காசு வாங்கிக்கொண்டு கிண்டல் செய்கிறான் என்றுதான் நினைத்திருப்பார்.

மருந்துப் பொருளை வைத்துப் பிரித்தால், இண்டாக்சாகார்ப் கலந்தது சில நாளில், அதிகம் போனால் ஒரு வாரத்தில் முடிவைக் காட்டும். ஸ்பினோசாட் இரண்டு வாரத்துக்குள். ஹைட்ராமெத்தில்நான் இரண்டு முதல் நான்கு வாரம். வெயில் பட்டால் சீக்கிரம் சிதைந்துவிடும். மெத்தோப்ரீன், பைரிப்ராக்சிஃபென் இரண்டும் வேறு வழி. அவை எறும்பைக் கொல்வதில்லை, புதிய வேலைக்காரர்கள் உருவாகாமல் தடுக்கும். இருக்கிற எறும்புகள் வயதாகிச் சாகும்வரை கூடு ஓடிக்கொண்டிருக்கும், அதனால் இரண்டு முதல் ஆறு மாதம் ஆகும். பொறுமை இருந்தால் இவை நின்று பேசும். எனக்குச் சம்பளம் கொடுப்பவர்களுக்குப் பொறுமை கிடையாது.

இவை எல்லாம் எல்லாக் கடையிலும் இருக்காது. எது கிடைத்தாலும் மத்தியப் பூச்சிக்கொல்லி வாரியத்தின் பதிவு எண் இருக்கிறதா, எறும்புக்கு என்றும் புல்தரைக்கு என்றும் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். கரப்பான் பூச்சி ஜெல்லைத் தரையில் பிதுக்கி வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். வேண்டாம்.

கடையில் எதுவும் கிடைக்காவிட்டால் வீட்டுத் தீனி இருக்கிறது. 1 லிட்டர் தண்ணீரில் 100 கிராம் சர்க்கரை, 10 கிராம் போரிக் அமிலம். அளவைக் கூட்டாதீர்கள், 1 சதவீதத்தைத் தாண்டினால் எறும்பு மோப்பம் பிடித்து ஒதுங்கும், அல்லது வீடு போய்ச் சேருமுன் செத்துவிடும். சிறு பிளாஸ்டிக் டப்பாவில் பஞ்சை நனைத்து வைத்து, மூடியில் எறும்பு நுழையும் அளவு ஓட்டை போட்டு, எறும்புத் தடத்தின் ஓரம் நிழலில் வையுங்கள். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை புதிதாக மாற்றுங்கள். புல்லில் ஊற்றிவிடக் கூடாது, போரான் மிஞ்சினால் புல் கருகும். டப்பாவின் மேல் "விஷம்" என்று பெரிதாக எழுதி, குழந்தை கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். சர்பத் மாதிரிதான் இருக்கும்.

ருசிப் பரிசோதனை

வாங்கிய தீனியை முகர்ந்து பாருங்கள். எண்ணெய் சிக்கு வாடை அடித்தால் கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். மண்ணெண்ணெய், உரம், வேறு பூச்சி மருந்து இருக்கும் அலமாரியில் வைத்தாலும் தீனி அந்த வாசனையை இழுத்துக்கொள்ளும், எறும்பு தொடாது. என் முதல் பாக்கெட் அப்படித்தான் வீணானது, யூரியா மூட்டை மேல் வைத்திருந்தேன்.

பிறகு சோடா மூடிகளில் ஒவ்வொரு தீனியும் ஒரு சிட்டிகை. பக்கத்தில் ஒப்பீட்டுக்கு உருளைக்கிழங்கு சிப்ஸ் துண்டு ஒன்று. ஒரு சாண் இடைவெளியில் வைத்து, ஒவ்வொன்றின் மேலும் ஓர் ஓரம் உடைந்த சிரட்டையைக் கவிழ்த்துவிடுங்கள். சிரட்டை இல்லாமல் வைத்தால் காக்கை வந்து உங்கள் ஆராய்ச்சியை முடித்துவைக்கும். அரை மணி கழித்துத் தூக்கிப் பாருங்கள். சிப்ஸில் மொய்த்து, தீனியில் ஒன்றிரண்டு மட்டும் நின்றால் தீனி சரியில்லை. சிப்ஸிலேயே கூட்டம் இல்லையென்றால் எறும்பு இன்று வெளியே வரவில்லை, வேறு நேரம் பாருங்கள்.

இது ருசியை மட்டும்தான் சொல்லும். விரும்பித் தின்பது கூட்டைக் கொல்கிறதா என்பதற்கு அடுத்த வேலை.

ஒப்பிட எத்தனை இடம் வேண்டும்?

ஆரம்பத்தில் எல்லோரும் செய்யும் தவறு, பத்து சென்ட் புல்தரையைக் கயிறு கட்டி மூன்றாகப் பிரித்து மூன்று தீனி போடுவது. எறும்புக்கு உங்கள் கயிறு தெரியாது. இரை தேடிப் பத்துப் பதினைந்து மீட்டர் சர்வ சாதாரணமாகப் போகும். இடதுபக்கப் புற்று வலதுபக்கத் தீனியைத் தின்றுவிட்டு, நீங்கள் இடதுபக்க மருந்தைப் பாராட்டிக்கொண்டிருப்பீர்கள்.

அதனால் தனித்தனி இடம் எடுங்கள். பெரிய மைதானமாக இருந்தால் இரண்டு கோடிகள், இல்லையென்றால் மூன்று வீட்டுப் புல்தரை. ஒரு தரைக்கு ஒரு தீனி. ஒரு தரையில் எதுவும் போடாதீர்கள். இந்தச் சும்மா விட்ட தரைதான் முக்கியம், வீட்டுக்காரர்களைச் சம்மதிக்க வைப்பதும் இதற்குத்தான் கஷ்டம். சித்திரை வெயிலில் எறும்பு தானாகவே ஆழத்துக்கு இறங்கிவிடும், மேலே புற்று குறைந்த மாதிரி தெரியும். சும்மா விட்ட தரை இல்லாவிட்டால் அந்தப் பெருமையும் மருந்துக்குப் போய்விடும்.

தீனி போடுவதற்கு மூன்று நாள் முன்பு, நடுப்பகுதியில் உள்ள புற்றுகளை எண்ணுங்கள். மணலில் மேடாக இல்லாமல், புல் தூரைச் சுற்றி உதிரி மண்ணாகவும் இருக்கும். ஈர்க்கால் குத்தி, இருபது நொடியில் இருபத்தைந்து எறும்புக்கு மேல் வந்தால் உயிருள்ள புற்று என்று நான் கணக்கு வைத்துக்கொள்கிறேன். அளவுகோலை நீங்கள் மாற்றிக்கொள்ளலாம், ஆனால் கடைசிவரை ஒன்றையே பிடித்துக்கொள்ளுங்கள். எண்ணியபின் புற்றைத் தொடாதீர்கள். கலைத்துவிட்ட கூடு சாப்பாட்டைத் தேடாது, முட்டையைத் தூக்கிக்கொண்டு இடம் மாறத்தான் பார்க்கும்.

போடும் நாள்

ஐப்பசி, கார்த்திகை மழையில் போடுவது காசைக் கடலில் போடுவது. தை, மாசிதான் எங்கள் கரைக்குச் சரி. அப்போது பனி விழும், புல் காய்ந்தபின் காலை ஒன்பது பத்து மணிக்குப் போடுங்கள். பங்குனிக்கு மேல் மணல் கொதிக்கும், வெயில் தாழ்ந்து ஐந்து மணிக்கு மேல். போட்டபின் ஒரு முழு நாள் தண்ணீர் பாய்ச்சக் கூடாது. தெளிப்பானின் கடிகாரத்தை நிறுத்த மறந்துவிடாதீர்கள்.

அளவு ஆச்சரியமாகக் குறைவு. எண்ணெய் நொய்த் தீனிகளுக்குப் பெரும்பாலும் ஏக்கருக்கு 450 முதல் 680 கிராம்தான். சென்டுக்கு 5 முதல் 7 கிராம். பாக்கெட்டில் வேறு அளவு இருந்தால் அதுதான் சட்டம். சமையலறைத் தராசு வேண்டாம், இதற்கென்று ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். மூடியில் துளை போட்ட டப்பாவில் நிரப்பி, பாதியை வடக்கு தெற்காகவும் மீதியைக் கிழக்கு மேற்காகவும் நடந்து தூவுங்கள். கடல் காற்று வலுவாக இருந்தால் அன்று விட்டுவிடுங்கள். புற்றின் உச்சியில் கொட்டாதீர்கள். எறும்பு வீட்டு வாசலில் அல்ல, வெளியேதான் இரை தேடும்.

கிணற்றோரம், இறால் பண்ணை வாய்க்கால், கடற்கரை மணல் இந்த மூன்றையும் விட்டுத் தள்ளியே நில்லுங்கள். இந்த மருந்துகளில் பல மீனுக்கும் இறாலுக்கும் ஆகாதவை, நம் மணல் தண்ணீரை நிறுத்தி வைக்கவும் செய்யாது. எதிரில் இருப்பது மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா.

கணக்கு

1, 2, 4, 8 வாரங்களில் அதே ஈர்க்கு, அதே இருபது நொடி. ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன். தீனி போட்ட தரையில் 12 புற்று 3 ஆனது. பார்த்தால் 75 சதவீதம். ஆனால் சும்மா விட்ட தரையிலும் 10 புற்று 8 ஆகியிருக்கிறது. அப்படியென்றால் மருந்தே போடாவிட்டாலும் 12 என்பது 9.6 ஆகியிருக்கும். 9.6-இல் 3 போக 6.6. அதை 9.6-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 69 சதவீதம். தீனியின் உண்மையான மதிப்பெண் இதுதான்.

இரண்டாவது வாரத்தில் முந்துகிற தீனி எட்டாவது வாரத்திலும் முந்த வேண்டும் என்று கட்டாயம் இல்லை. நான் இப்போது எல்லாத் தரைக்கும் மெதுவாக வேலை செய்யும் தீனியைத் தூவிவிட்டு, ஒரு வாரம் கழித்துக் குழந்தைகள் விளையாடும் இடத்தில் இருக்கும் புற்றுகளைச் சுற்றி மட்டும் வேகமான தீனியை வைக்கிறேன். பிரித்த பாக்கெட்டை அடுத்த வருடத்துக்கு வைப்பதில்லை. மழைக்காலம் முடிந்து தை பிறந்ததும், சிரட்டையும் சோடா மூடியும் எடுத்துக்கொண்டு மறுபடி ருசிப் பரிசோதனையிலிருந்து தொடங்குவேன்.