ரைஃபிள் பித்தளையை எத்தனை முறை திரும்ப நிரப்பலாம்? ஆயுளைக் குறைக்கும் தவறுகள்

தோட்டாவைத் தானே நிரப்பப் பழகும் எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான்: ஒரு பித்தளை உறை எத்தனை முறை தாங்கும்? ஐந்து என்பார் ஒருவர், பத்து என்பார் இன்னொருவர், இருபதைத் தாண்டியும் ஓடுகிறது என்பார் மூன்றாமவர். மூவர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம். ரைஃபிள் வேறு, வெடிமருந்தின் அளவு வேறு, சுட்ட உறையை இறுக்கிப் பழைய அளவுக்குக் கொண்டுவரும் அச்சான சைசிங் டையை அமைத்திருக்கும் விதம் வேறு. அடுத்தவர் சொன்ன எண்ணை நம்பி, ‘இன்னும் மூன்று முறை பாக்கி இருக்கிறது’ என்று கணக்குப் போடுவதுதான் முதல் தவறு. உறையின் நிலை என்ன என்பதை அந்த உறையிலேயே பார்த்துவிட முடியும்.

உறை என்பது 70 சதவீதம் செம்பும் 30 சதவீதம் துத்தநாகமும் கலந்த பித்தளை. சுடும்போது அது விரிந்து சேம்பரின் (துப்பாக்கியில் தோட்டா அமரும் அறை) சுவரில் ஒட்டுகிறது, பிறகு கொஞ்சம் சுருங்கி வெளியே வருகிறது. அப்புறம் நாம் அதை டைக்குள் தள்ளி இன்னும் இறுக்குகிறோம். இப்படி விரிந்தும் இறுகியும் பித்தளை கடினமாகிக்கொண்டே போகும். ஒரு நாள் கழுத்தில் நெடுக்காக மெல்லிய கீறல் விழும். பெரும்பாலும் இதில் பெரிய ஆபத்து இல்லை. அந்த உறையைத் தூக்கிப் போட்டுவிட்டு, அதோடு வந்த மற்றவற்றையும் சோதிக்க வேண்டும்.

பயப்பட வேண்டியது அடிப்பகுதியைப் பார்த்துத்தான். அங்கே உறை குறுக்காக அறுந்தால் கொதிக்கும் வாயு சுடுபவரின் முகத்தை நோக்கி வரலாம். கண்ணாடி அணியாமல் யாரும் சுடக் கூடாது என்பதற்கு இது ஒன்றே போதும்.

இந்த அறுதலுக்கு வழி வகுப்பது பெரும்பாலும் நாம்தான். டையை, உறையின் அடியைப் பிடித்திருக்கும் ஷெல் ஹோல்டரில் முட்டும் வரை திருகி, ‘இருக்கட்டும்’ என்று இன்னும் கால் சுற்று இறுக்குவது பலருக்குப் பழக்கம். அப்படிச் செய்தால் உறையின் தோள் (கழுத்துக்குக் கீழே சரிந்து அகலும் பகுதி) தேவைக்கு மேல் பின்னால் போய்விடும். அடுத்த முறை சுடும்போது உறையின் முன்பகுதி சேம்பர் சுவரைப் பிடித்துக்கொள்ள, பின்பகுதி மட்டும், சேம்பரைப் பின்னால் அடைத்து நிற்கும் போல்ட் வரை நகரும். இடைப்பட்ட இடம், அதாவது கனமான அடிக்குச் சற்று மேலே உள்ள சுவர், இழுபட்டு மெலியும். ஒவ்வொரு முறையும் இதே கதைதான். போல்ட் ஆக்ஷன் ரைஃபிளுக்குத் தோளை 0.001 முதல் 0.002 அங்குலம் தள்ளினால் போதும். தானாக அடுத்த தோட்டாவை ஏற்றும் ரைஃபிளுக்கு 0.003 முதல் 0.004 வரை தேவைப்படும். கண்ணளவு இங்கே உதவாது. காலிப்பரில் பொருத்தித் தோள் எங்கே இருக்கிறது என்று அளக்கும் கம்பரேட்டரால் அளந்துதான் டையை அமைக்க வேண்டும். .303 பிரிட்டிஷ் போன்ற விளிம்புள்ள உறைகளில் கூடுதல் கவனம் வேண்டும். அவை விளிம்பில்தான் நிற்கும். தோளுக்கு முன்னால் சேம்பரில் தாராளமாக இடம் இருக்கும். ஒவ்வொரு முறையும் முழு உறையையும் சைஸ் செய்தால் சீக்கிரமே அறுந்துவிடும்.

மெலிவைக் கண்டுபிடிக்க ஒரு பேப்பர் கிளிப் போதும். அதை நிமிர்த்தி, நுனியை மட்டும் இரண்டு மில்லிமீட்டர் அளவுக்குச் செங்குத்தாக மடக்கிக் கூராக்குங்கள். வெற்று உறைக்குள் அடி வரை விட்டு, சுவரோடு உரசியபடி மெதுவாக மேலே இழுங்கள். நல்ல உறையில் நுனி வழுக்கிக்கொண்டு வரும். மெலிந்த உறையில் ஓரிடத்தில் ‘டக்’கென்று பள்ளத்தில் விழும். அதைக் கை உணர்ந்த பிறகு யோசிக்கவே வேண்டாம், அந்த உறை முடிந்தது. வெளியே தெரியும் பளபளப்பான வளையமும் ஓர் அறிகுறிதான். ஆனால் டையும் அப்படி ஒரு தடம் பதிக்கும் என்பதால் கம்பியைத்தான் நம்ப வேண்டும். சந்தேகம் தீரவில்லையா? ஓர் உறையை நெடுக்காக அறுத்துப் பாருங்கள்.

நீளத்தை அளக்காமல் விடுவதும் ஆபத்து. .308 வின்செஸ்டர் உறை 2.015 அங்குலத்தைத் தாண்டக் கூடாது, வெட்டும்போது 2.005-க்கு வெட்டுவார்கள். நீண்ட கழுத்து சேம்பரின் முனையில் நசுங்கிக் குண்டை இறுக்கிப் பிடிக்கும், அழுத்தம் எகிறும். அடிக்கடி வெட்ட வேண்டியிருக்கிறதென்றால் அந்தப் பித்தளை எங்கிருந்து முன்னால் வருகிறது என்று கேளுங்கள். அதில் ஒரு பங்கு, மேலே சொன்ன மெலியும் இடத்திலிருந்து வருகிறது.

கழுத்தைச் சூடாக்கி இளக்கும் அனீலிங் கழுத்தின் ஆயுளைக் கூட்டும் என்பது சரி. ஆனால் அது கழுத்துக்கும் தோளுக்கும் மட்டும்தான். மெலிந்த சுவரையோ, மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடியான ப்ரைமர் அமரும் குழி தளர்ந்திருந்தால் அதையோ அது மீட்டுத் தராது. உறைகளை மொத்தமாக அடுப்பில் வைத்துச் சூடாக்குவது கொடிய தவறு. அடிப்பகுதி இளகிவிட்டால் அழுத்தத்தைத் தாங்க எதுவுமே இல்லை.

ப்ரைமர் எதிர்ப்பே இல்லாமல் குழிக்குள் இறங்கினால் அந்த உறையின் வேலை முடிந்தது. மருந்தை உச்ச அளவில் நிரப்புகிறவர்களுக்கு, கழுத்து பிளப்பதற்கு முன்பே இதுதான் வரும்.

அமோனியா கலந்த பாலிஷ் போட்டுத் துடைப்பதும் கூடாது. பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்து இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்திருந்த தோட்டாக்கள் தாமாகவே வெடிப்பு விட்டன. குதிரைச் சிறுநீரின் அமோனியாவும் பித்தளைக்குள் தங்கியிருந்த இறுக்கமும் சேர்ந்த வேலை அது என்று 1921-இல்தான் விளக்கம் கிடைத்தது.

கடைசியாக, கலக்காதீர்கள். ஒரே நிறுவனத்தின், ஒரே எண்ணிக்கையில் சுட்ட உறைகள் ஒரு பெட்டியில் இருக்கட்டும். ஒவ்வொரு முறையும் மூடியில் ஒரு கோடு போடுங்கள். ராணுவ உறைகளின் சுவர் பெரும்பாலும் தடித்திருக்கும், உள்ளே இடம் குறையும். அதே மருந்தளவு அங்கே அதிக அழுத்தம் தரும். சுடுதளத்தில் பொறுக்கியெடுத்த உறைக்கு முந்தைய கதை தெரியாது, அதனால் நான் அவற்றைத் தொடுவதில்லை. கழிக்கும் உறையை, ப்ரைமர் இல்லையென்று உறுதி செய்தபின், கழுத்தைக் குறட்டால் நசுக்கிவிட்டுப் போடுங்கள். நசுங்கிய உறை தவறிப்போய்கூட மறுபடி பெட்டிக்குள் வராது.