மறைக்கல்வி வகுப்பில் யூதர்களைப் பற்றிப் பேசும்போது நாம் செய்யும் தவறுகள்

தவக்காலம் தொடங்குவதற்கு முன் எங்கள் வட்டாரத்தில் மறைக்கல்வி ஆசிரியர்களுக்கு ஒரு நாள் பயிற்சி நடக்கும். புதிதாகச் சேர்ந்தவர்களை ஆளுக்குப் பத்து நிமிடம் பாடம் நடத்தச் சொல்லிவிட்டு நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கேட்பேன். இந்த ஆண்டு ஐந்து பேர் நடத்தினார்கள். ஐந்து பேருமே இரவு கண்விழித்துத் தயாரித்து வந்திருந்தார்கள். ஆனால் அவர்களில் நான்கு பேர் வாயிலிருந்து, இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் நான் சொல்லிக்கொண்டிருந்த அதே வாக்கியங்கள் வந்தன. மனம் கனத்துப்போனது. பயிற்சியில் யாரும் அவர்களுக்கு அதைச் சொல்லித்தரவில்லை. சின்ன வயதில் என்னைப் போன்றவர்களிடம் கேட்டதைத்தான் திருப்பிச் சொல்கிறார்கள்.

அதனால்தான் இதை எழுதுகிறேன். யூதர்களை வெறுக்கக் கூடாது, நாசிகள் செய்தது கொடுமை என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். அதை விட்டுவிடுகிறேன். வெறுப்பு என்று தெரியாமலேயே, பக்தியோடு நாம் செய்கிற தவறுகள் சில இருக்கின்றன. அவற்றை மட்டும் சொல்கிறேன்.

"யூதர்கள் இயேசுவைக் கொன்றார்கள்"

இப்படி வெளிப்படையாகச் சொல்பவர்கள் இப்போது குறைவு. ஆனால் புனித வெள்ளியன்று யோவான் நற்செய்தியின் 18, 19ஆம் அதிகாரங்களை வாசிக்கும்போது "யூதர்கள்", "யூதர்கள்" என்று திரும்பத் திரும்பக் காதில் விழும். ஒரு விளக்கமும் இல்லாமல் விட்டால் பிள்ளைகள் மனதில் அந்தச் சொல்தான் தங்கும். அங்கே அந்தச் சொல் பெரும்பாலும் குறிப்பது எருசலேமின் அதிகாரிகளை. "மீட்பு யூதரிடமிருந்தே வருகிறது" என்று இயேசு சொல்வதும் இதே நற்செய்தியில்தான், 4ஆம் அதிகாரத்தில். வாசகத்தை மாற்ற நமக்கு உரிமை இல்லை. வாசகத்துக்கு முன் இரண்டு நிமிடம் பேசும் கடமை இருக்கிறது.

ஊர்களில் போடும் பாஸ்கா நாடகத்தையும் கவனியுங்கள். ரோமானிய ஆளுநர் பிலாத்து கம்பீரமாக, கவலையோடு நிற்பார். யூதக் குருக்கள் பல்லைக் கடித்துக்கொண்டு கத்துவார்கள். சிலுவை ரோமானியத் தண்டனை, தீர்ப்புச் சொன்னது பிலாத்து என்பது மேடையில் காணாமல் போய்விடும். ஜெர்மனியின் ஓபராமெர்காவ் ஊரில் 1634 முதல் நடந்துவரும் பாடுகளின் நாடகத்தை 1934இல் ஹிட்லர் நேரில் போய்ப் பார்த்தார், பிறகு மெச்சியும் பேசினார். அந்த ஊர்க்காரர்களே அண்மைக் காலத்தில் வசனங்களைப் பெருமளவு திருத்தி, இயேசுவை யூதராகக் காட்டத் தொடங்கிவிட்டார்கள். நாமும் ஒருமுறை நம் வசனப் பிரதியை எடுத்துப் பார்க்கலாம்.

திருச்சபையின் போதனை தெளிவாக இருக்கிறது. உலகக் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 அக்டோபர் 28 அன்று வெளியிட்ட 'நோஸ்த்ரா எத்தாத்தே' என்னும் அறிக்கை, இயேசுவின் பாடுகளுக்கான பழியை அன்று வாழ்ந்த யூதர் அனைவர் மீதும் சுமத்த முடியாது, இன்றைய யூதர் மீதும் சுமத்த முடியாது என்கிறது. யூதருக்கு எதிரான வெறுப்பையும் துன்புறுத்தலையும், எக்காலத்தில் யார் செய்திருந்தாலும், கண்டிக்கிறது. ஆதரவு 2,221 வாக்குகள், எதிர்ப்பு 88. அதற்கும் நானூறு ஆண்டுகள் முன்பே, திரெந்து சங்கத்தின் மறைக்கல்வி நூல், கிறிஸ்தவர்களாகிய நம் பாவங்களின் குற்றம்தான் யூதருடையதைவிடப் பெரியது என்று சொல்லிவிட்டது.

யூதாசை யூதர்களின் அடையாளமாக்குவது

இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸ் மட்டுமல்ல, அவருடைய சீடர்கள் பன்னிருவரும் யூதர்கள்.

இயேசுவை உயர்த்துவதற்காக யூத சமயத்தைத் தாழ்த்துவது

இதில்தான் நான் நிறைய நேரம் எடுத்துக்கொள்ளப் போகிறேன். மற்றத் தவறுகளைச் சுட்டிக்காட்டினால் உடனே ஒப்புக்கொள்வார்கள். இதைச் சுட்டினால் "இதில் என்ன சார் தப்பு?" என்பார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் கேட்டேன்.

நல்ல சமாரியர் உவமையை எடுத்துக்கொள்ளுங்கள். எருசலேமிலிருந்து எரிக்கோவுக்குப் போகும் வழியில் கள்வரிடம் அடிபட்டுக் கிடந்தவரை ஒரு யூதக் குருவும் கோவில் பணி செய்யும் லேவியர் ஒருவரும் கண்டும் விலகிப் போக, யூதர்களோடு ஒட்டாத சமாரிய இனத்தவர் ஒருவர் நின்று உதவிய கதை அது. அடிபட்டுக் கிடப்பவரைப் பார்த்துக் குருவும் லேவியரும் ஏன் விலகிப் போனார்கள்? "யூதச் சட்டப்படி தொட்டால் தீட்டு. அந்தத் தீட்டுக்குப் பயந்து போய்விட்டார்கள். அவர்களுக்குச் சட்டம் பெரிது, இயேசுவுக்கு அன்பு பெரிது." இந்த ஆண்டும் ஒரு தம்பி இதையே நடத்தினார். நான் இதைப் பல ஆண்டுகள் கரும்பலகையில் இரண்டு பத்தி போட்டு நடத்தியிருக்கிறேன். இடப்பக்கம் 'சட்டம்', வலப்பக்கம் 'அன்பு'.

ஒரு நாள் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்து கேட்டான்: "அப்போ யூதங்க எல்லாம் நம்ம ஊர்ல மாதிரி சாதி பார்க்கிறவங்களா சார்?" நான், "ஆமா, கிட்டத்தட்ட அப்படித்தான்" என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். அந்த "ஆமா"வை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை. தீண்டாமையின் வலி தெரிந்த குடும்பத்துப் பிள்ளை அவன். அவனுக்கு நான் ஒரு மொத்த மக்களையே எதிரியாக்கிக் கொடுத்து அனுப்பினேன்.

எனக்கு உண்மை தெரிய வந்தது வெகுகாலம் கழித்து. இங்கிலாந்தில் செவிலியராக வேலை பார்க்கும் என் பழைய மாணவி ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். கூட வேலை செய்யும் யூதப் பெண்மணியிடம் இந்த உவமையை நான் சொன்ன விளக்கத்தோடு சொல்லியிருக்கிறார். அந்த அம்மா கோபப்படவில்லையாம். "உயிர் போகும் நிலையில் ஒருவர் இருந்தால் ஓய்வுநாளையே மீறு என்பதுதான் எங்கள் சட்டம். உனக்கு யார் இப்படிச் சொன்னது?" என்று மட்டும் கேட்டிருக்கிறார். "உங்க பேரைச் சொல்ல எனக்கு மனசு வரல சார்" என்றார் மாணவி.

அன்று இரவு உட்கார்ந்து லூக்கா 10ஆம் அதிகாரத்தை முதல்முறை படிப்பதுபோல் படித்தேன்.

தீட்டு என்ற பேச்சே அந்த உவமையில் இல்லை. அவர்கள் ஏன் போனார்கள் என்று இயேசு சொல்லவே இல்லை. கிரேக்க மூலத்தில் அந்தக் குரு அவ்வழியே 'இறங்கிப்' போகிறார். எருசலேம் மலைமேல் இருக்கிறது, எரிக்கோ கடல்மட்டத்துக்கும் கீழே பள்ளத்தில் இருக்கிறது. ஆக அவர் கோவிலை விட்டு வந்துகொண்டிருக்கிறார். பலி செலுத்தத் தூய்மை வேண்டும் என்ற காரணம் அங்கேயே விழுந்துவிடுகிறது. பிணத்தைத் தொடக் கூடாது என்று லேவியர் நூல் 21ஆம் அதிகாரம் சொல்வது ஆரோனின் வழிவந்த குருக்களுக்கு மட்டும்தான். லேவியருக்கு அந்தத் தடை இல்லை. கிடந்தவரோ பிணமும் அல்ல, குற்றுயிராகக் கிடந்தவர். பிணமாகவே இருந்தாலும், அடக்கம் செய்ய ஆளில்லாமல் கிடக்கும் உடலைத் தலைமைக் குருவே தொட்டு அடக்கம் செய்யலாம் என்கிறது யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னா. இன்னொன்றும் உண்டு. சமாரியருக்கும் மோசேயின் ஐந்து நூல்கள்தான் மறைநூல். அதே சட்டம் அவருக்கும் உண்டு. பிறகு சட்டத்தை எப்படிக் குற்றம் சொல்வது?

எல்லாவற்றையும்விட என்னை உலுக்கியது வேறு. 'கடவுளை முழு இதயத்தோடு அன்பு செய், உன்மீது அன்புகூர்வதுபோல் அடுத்திருப்பவர்மீதும் அன்புகூர்' என்ற பதிலை அந்த அதிகாரத்தில் சொல்பவர் யூதச் சட்ட அறிஞர். இரண்டும் மோசேயின் நூல்களில் உள்ளவை: முதல் பாதி இணைச்சட்டம் 6:5, அடுத்த பாதி லேவியர் 19:18. சரியாகச் சொன்னீர் என்று இயேசு அவரை ஏற்றுக்கொள்கிறார். நான் கரும்பலகையில் வலப்பக்கம் எழுதிய 'அன்பு' இடப்பக்கத்துச் சட்டத்திலிருந்து வந்தது.

'தீட்டு' என்ற சொல் நமக்குத் தனியாக ஒரு வலை. தமிழில் அதைக் கேட்டவுடன் பிறப்பால் ஒட்டிக்கொள்கிற, கழுவினாலும் போகாத ஒன்று நினைவுக்கு வருகிறது. தோராவில், அதாவது மோசேயின் சட்ட நூல்களில், சொல்லப்படுவது அது அல்ல. பெற்றவரை அடக்கம் செய்தாலும் வரும், குழந்தை பெற்றாலும் வரும். நீராலும் நாள் கணக்காலும் போய்விடும். அது பாவமும் இல்லை. சாவு வீட்டுக்குப் போய்வந்து தலைக்குக் குளிக்கிறோமே, அதற்கு ஓரளவு பக்கத்தில் வரும். இப்போது என் வகுப்பில் இதைச் சொல்லாமல் அந்தச் சொல்லைப் பயன்படுத்த யாரையும் நான் விடுவதில்லை.

இயேசுவின் காலத்து யூத சமயக் குழுவினரான பரிசேயர் விஷயமும் இதன் கிளைதான். மறையுரையில் 'பரிசேயர்' என்றால் வெளிவேடக்காரர் என்று அகராதிப் பொருள்போல ஆகிவிட்டது. ஏரோது உம்மைக் கொல்லப் பார்க்கிறான், போய்விடும் என்று இயேசுவை எச்சரித்தவர்கள் பரிசேயர் சிலர் (லூக்கா 13:31). திருத்தூதர்களுக்காகப் பேசிய கமாலியேல் பரிசேயர். "நான் ஒரு பரிசேயன்" என்று திருத்தூதர் பவுல் பெருமையோடு சொல்கிறார். மத்தேயு, மாற்கு, லூக்கா நற்செய்திகளில் இயேசுவைக் கைது செய்ததிலிருந்து அவர் உயிர்விடும்வரை பரிசேயர் என்ற சொல்லே வராது. எடுத்துப் பாருங்கள். இயேசு அவர்களோடு கடுமையாக வாதிட்டார், உண்மை. அவர்களுக்கு அவ்வளவு நெருக்கமாக இருந்ததும் அதற்கு ஒரு காரணம் என்று 1985இல் வத்திக்கான் ஆணையம் வெளியிட்ட மறைக்கல்விக் குறிப்புகளும் நினைவூட்டுகின்றன.

இதற்கு ஏன் இவ்வளவு வருத்தப்படுகிறேன் என்று கேட்கலாம். ஜூல் ஐசக் என்ற பிரெஞ்சு யூத வரலாற்றாசிரியரின் மனைவியையும் மகளையும் நாசிகள் ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் கொன்றார்கள். இத்தனை ஞானஸ்நானம் பெற்றவர்கள் வாழும் கண்டத்தில் இது எப்படி நடந்தது என்று அவர் தேடினார். நூற்றாண்டுக் கணக்கில் பிரசங்கத்திலும் மறைக்கல்வியிலும் ஊறிய ஒன்றை அடையாளம் கண்டு, அதற்கு 'இகழ்ச்சிப் போதனை' என்று பெயர் வைத்தார். 1960 ஜூன் 13 அன்று திருத்தந்தை 23ஆம் யோவானை நேரில் சந்தித்து அதைத் திருத்தும்படி வேண்டினார். கர்தினால் பெயாவின் பொறுப்பில் அந்தப் பணி தொடங்கி, ஐந்து ஆண்டுகளில் சங்கத்தின் அறிக்கையாக வெளிவந்தது. மனைவியையும் மகளையும் இழந்த முதியவர் வந்து வேண்டியது என் கரும்பலகையின் இடப்பக்கத்தை அழிக்கச் சொல்லித்தான்.

"யூதரோடு கடவுள் செய்த பழைய உடன்படிக்கை காலாவதி ஆகிவிட்டது"

இரண்டாம் நூற்றாண்டில் மார்சியோன் என்ற போதகர் பழைய ஏற்பாட்டையே தூக்கி எறியச் சொன்னார். திருச்சபை அவரைத்தான் தூக்கி எறிந்தது. பவுல் உரோமையருக்கு எழுதிய திருமுகத்தின் 11ஆம் அதிகாரத்தை முழுதாக வாசியுங்கள். நாம் ஒட்டவைக்கப்பட்ட காட்டு ஒலிவக் கிளை, வேர் யூதர்கள். கடவுள் தம் அழைப்பைத் திரும்பப் பெறுவதில்லை என்கிறார் பவுல்.

அளவுக்கு மீறிப் புகழ்வது

"யூதர்கள் எல்லாரும் மூளைக்காரர்கள், பணம் அவர்கள் கையில்தான்" என்று வாட்ஸ்அப்பில் வருவதைப் பாராட்டு என்று நினைத்து வகுப்பில் படித்துக்காட்டுகிறார்கள். பணத்தோடு யூதரை முடிச்சுப்போடும் பழைய பழிதான் அது, உடை மட்டும் புதிது. "உலகத்தையே ரகசியமாக ஆள்கிறார்கள்" என்ற கதைக்கு வேர் 1903இல் ரஷ்யாவில் அச்சான ஒரு போலி ஆவணம். வேறு நூல்களிலிருந்து திருடிக் கட்டியது என்று 1921இலேயே லண்டன் 'டைம்ஸ்' நாளிதழ் அம்பலப்படுத்திவிட்டது. பகிர்வதற்கு முன் நிறுத்துங்கள்.

இஸ்ரேல் அரசு செய்வதற்கு யூதர் எல்லாரையும் பதில் சொல்லச் சொல்வது

காசாவின் பிள்ளைகளுக்காக அழுவதும், ஓர் அரசைக் கண்டிப்பதும் தவறே இல்லை. தொழுகைக்கூடத்துக்குப் போய்க்கொண்டிருக்கும் ஒரு யூதப் பாட்டியிடம் அதற்குக் கணக்குக் கேட்பதுதான் தவறு.

பெரிய வியாழனன்று யூதர்களின் பாஸ்கா இரவு உணவுச் சடங்கை நடித்துக் காட்டுவது

வேண்டாம். அது அவர்களுடைய வழிபாடு, நமக்கு நாடகம் அல்ல. இன்றைய பாஸ்கா இரவு உணவு முறையும் கி.பி. 70இல் எருசலேம் கோவில் இடிந்த பிறகு உருப்பெற்றது; இயேசு உண்டது இதே முறையில் அல்ல.

ஆறாவது மன்றாட்டை ஓட்டிவிடுவது

புனித வெள்ளியின் பத்துப் பெரிய மன்றாட்டுகளில் ஆறாவது யூத மக்களுக்கானது. பழைய இலத்தீன் வழிபாட்டில் அது 'நம்பிக்கையற்ற யூதர்களுக்காக' என்று தொடங்கியது. மற்ற மன்றாட்டுகளுக்கெல்லாம் முழந்தாளிட்டவர்கள் இதற்கு மட்டும் முழந்தாளிட மாட்டார்கள். 1955இல் 12ஆம் பத்திநாதர் முழந்தாளிடுதலைத் திரும்பக் கொண்டுவந்தார். 1959இல் 23ஆம் யோவான் 'நம்பிக்கையற்ற' என்ற சொல்லை நீக்கினார். 1970இன் திருப்பலி நூலில் மன்றாட்டே புதிதாக எழுதப்பட்டது. நம் கடவுள் முதன்முதலில் யாரோடு பேசினாரோ அந்த மக்களுக்காக என்று அது இன்று தொடங்குகிறது.

வெயில் ஏறிவிட்டது, நேரமாகிறது என்று இந்த மன்றாட்டைத்தான் பல இடங்களில் வேகமாகச் சொல்லி முடிக்கிறார்கள். மன்றாட்டுக்கு முன் அழைப்பு வாசிக்கும் பொறுப்பு உங்கள் பங்கில் உங்களிடம் இருந்தால், இதை நிறுத்தி வாசியுங்கள். முழந்தாளிட்ட பிறகு எழுந்திருக்கச் சொல்ல அவசரப்படாதீர்கள்.